துணியில் பிறந்தநாள் தோரணம்: எழுத்து முதலில், துணி கடைசியில்

துணியில் பிறந்தநாள் தோரணம் தைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் துணியைத்தான் வாங்குகிறார்கள். கண்ணுக்குப் பிடித்த பூப்போட்ட பருத்தி, அதற்குத் தோதாக இன்னொரு கலர், ஒரு சுருள் ரிப்பன். அதற்கப்புறம்தான் என்ன எழுதுவது, எழுத்தை எப்படிப் பதிப்பது, கொடிகளை எதில் கோப்பது என்ற கேள்விகள் வருகின்றன. அதற்குள் வாங்கிய துணியே பாதி முடிவுகளை எடுத்துவிட்டிருக்கும்.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர் வரிசை. முதலில் வாசகம், அடுத்து கொடியின் வடிவம், அப்புறம் எழுத்தைப் பதிக்கும் முறை, கோக்கும் முறை. துணி கடைசி. ஒரு தடவை மாட்டிக் கிழித்தெறியும் காகிதத் தோரணம் என்றால் எப்படிச் செய்தாலும் பாதகமில்லை. வருடா வருடம் எடுத்து மாட்டி, கசங்கினால் அயர்ன் செய்து, அழுக்கானால் அலசி வைக்கப் போகிறோம் என்றால் இந்த வரிசை நிறைய வேலையை மிச்சப்படுத்தும்.

என்ன எழுதுவது, எந்த எழுத்தில்

பெயரையும் வயதையும் தோரணத்தோடு சேர்த்துத் தைக்காமல் இருப்பது நல்லது. பெயர் போட்ட தோரணம் அழகுதான், ஆனால் வீட்டில் அது ஒருவருக்கு மட்டும், வருடத்தில் ஒரு நாள் மட்டும் பயன்படும். பொதுவான வாழ்த்து என்றால் பேத்திக்கும் அதுவே, தாத்தாவுக்கும் அதுவே. பெயர் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தனியாக ஒரு குட்டித் தோரணம் தைத்துப் பெரியதன் கீழே தொங்கவிடலாம்.

வயது எண்ணுக்கு ஒரே ஒரு கொடியை வெற்றாக விட்டு அதில் வெல்க்ரோ வைக்கலாம். வருடத்துக்கு ஒரு எண் தைத்தால் போதும், பத்தையும் ஒரே மூச்சில் தைக்க வேண்டியதில்லை. 6ஐத் தலைகீழாக ஒட்டினால் 9 ஆகிவிடுவது உபரி லாபம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம் கொடியில் இருக்கட்டும், சொரசொரப்பான பக்கம் எண்ணின் முதுகில். மாற்றி வைத்தால், பெட்டிக்குள் கிடக்கும் மாதங்களில் அந்தச் சொரசொரப்பு பக்கத்துக் கொடிகளின் நூலையெல்லாம் பிடித்து இழுத்துவைக்கும். எண்களை ஒரு சின்னப் பையில் தனியாக வைப்பதும் இதற்காகத்தான்.

எழுத்தே இல்லாத வெறும் கொடித் தோரணமும் நியாயமான தேர்வுதான். சொல்லப்போனால் மறுபயன்பாட்டில் அதற்குத்தான் முதலிடம்: பிறந்தநாள், கல்யாண நாள், புதுவீடு எல்லாவற்றுக்கும் ஒன்றே. தைப்பதும் பாதி வேலை. ஆனால் பிறந்தநாளுக்கு என்று ஒருவர் உட்கார்ந்து தைக்கும்போது அந்த வாழ்த்துச் சொற்கள் சுவரில் தெரிய வேண்டும் என்ற ஆசைதானே தைக்கவே வைக்கிறது. அந்த ஆசை இல்லாதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

இப்போது மொழி. ஆங்கிலத்தில் ‘ஹேப்பி பர்த்டே’ என்றால் 13 எழுத்து. அதில் எச், ஐ, ஒய் போல முழுக்க நேர்கோட்டால் ஆனவை 8. அந்த எட்டும் இடவலம் மாறினாலும் அப்படியே இருக்கும். இது ஏன் வசதி என்று பின்னால் வருகிறேன். ஏ, பி, ஆர் போல நடுவில் ஓட்டை உள்ளவை 7, அந்த ஓட்டைகளை வெட்டுவதுதான் அங்கே உள்ள ஒரே சள்ளை.

தமிழில் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ 12 எழுத்து. எண்ணிக்கை ஒன்று குறைவு, வேலை கூடுதல். நேராக நிற்கும் எழுத்து ப ஒன்றுதான், அதற்கும் தலையில் கொக்கி போட்டுப் பி ஆக்க வேண்டியிருக்கிறது. நாவும் வாவும் காலோடு வருவதால் மற்றவற்றைவிட அகலம் கேட்கும். ற, ந, த, ழ எல்லாம் வால் கீழே இறங்கும் எழுத்துகள். மேலே ஐந்து இடங்களில் புள்ளி வேறு. ஆக ஒரு தமிழ் எழுத்துக்குக் கொடியில் மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் இடம் வேண்டும், பக்கவாட்டிலும் வேண்டும்.

இங்கேதான் கொடியின் வடிவம் முடிவாகிறது. தோரணம் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது முக்கோணம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேலே 20 செ.மீ. அகலமும் 24 செ.மீ. உயரமும் உள்ள முக்கோணத்தில், மேல் விளிம்பிலிருந்து 13 செ.மீ. இறங்கினால் மிஞ்சியிருக்கும் அகலம் 9 செ.மீ.தான். ஓரத்தில் கொஞ்சம் மூச்சு விட்டால் 7. ஆங்கிலத்தின் ஒய் அதில் அழகாக உட்காரும், அதுவே கீழே கூம்பும் எழுத்துதானே. ‘நா’வை அங்கே வைக்க முயன்றால் எழுத்தைச் சுருக்க வேண்டிவரும், ஒன்றைச் சுருக்கினால் மற்ற பதினொன்றையும் சுருக்க வேண்டும். கடைசியில் பெரிய கொடியில் சின்ன எழுத்து.

அதனால் தமிழ் வாசகத்துக்குச் செவ்வகமே என் தேர்வு. 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் வைத்தால் எழுத்தின் உடல் 9 செ.மீ. உயரத்தில் வரும், புள்ளிக்கும் வாலுக்கும் போதுமான இடம் கிடைக்கும். வெறும் செவ்வகம் பார்க்கத் தட்டையாக இருக்கிறது என்பவர்கள் கீழ் விளிம்பை மட்டும் லேசாகக் கூராக்கலாம். மீன்வால் போல உள்பக்கமாக வெட்டுவதும் உண்டு, ஆனால் அந்த உள்மூலையைச் சுருக்கமில்லாமல் திருப்புவதற்குக் கை பழக வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

ஒற்றைத் துணியா, இரட்டையா

ஒற்றைத் துணியைப் பல் கத்தரியால் வெட்டி அப்படியே கோப்பது மிகச் சுலபம். பல்பல்லாக வெட்டிய விளிம்பில் நூல் பிரிவது மெதுவாகும், ஆனால் நிற்காது. இரண்டு மூன்று தடவை அலசியதும் பிசிறு கிளம்பிவிடும். துவைக்கவே போவதில்லை என்றால் சரி.

ஒற்றைத் துணியை ஓரம் மடித்து அடிப்பது இரண்டாவது வழி. துணி மிச்சம், பிசிறு கிடையாது. ஆனால் பன்னிரண்டு கொடிக்கும் மூன்று பக்கம், ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடிப்பு, மூலைக்கு மூலை துணி திரண்டு தடிக்கும். வேலையைப் பார்த்தால் இரட்டைத் துணியைவிட இதுதான் அதிகம். மிச்சமாகும் துணிக்கு இந்தப் பாடு தேவையா என்று தோன்றும்.

இரட்டைத் துணி என்பது இது: முன்துணியும் பின்துணியும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, மேல் விளிம்பைத் திறந்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் 1 செ.மீ. உள்ளே தைப்பது. மூலையில் தையலுக்கு வெளியே இருக்கும் துணியைக் குறுக்காக வெட்டிவிட்டு, உள்ளிருந்து வெளியே திருப்பி, அயர்ன் போட்டால் கொடி தயார். மூலையைத் தள்ளக் கத்தரி முனையைப் பயன்படுத்தினால் அது துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா இதற்குச் சரியான கருவி. எழுத்தின் பின்பக்கத் தையல் எல்லாம் உள்ளே மறைந்துவிடுவது இந்த முறையின் பெரிய லாபம். ஜன்னலில் மாட்டினாலும் வெளிச்சம் ஊடுருவி எழுத்து மங்கலாகாது, பின்னால் இருந்து பார்த்தாலும் சுத்தமாக இருக்கும்.

துணி இரண்டு மடங்கு ஆகுமே என்றால், ஆகும்தான், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 15க்கு 20 கொடிக்குத் தையலுக்கு விட்டு 17க்கு 21 வெட்ட வேண்டும் (மேல் விளிம்பு நாடாவுக்குள் போய்விடுவதால் அங்கே கூடுதல் தேவையில்லை). 110 செ.மீ. அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 6 துண்டு வரும். 24 துண்டுக்கு 4 வரிசை, 84 செ.மீ. நீளம். ஆக ஒரு மீட்டருக்குள் முன்னும் பின்னும் முடிந்துவிடுகிறது. பின்பக்கத்துக்குப் பழைய பெட்ஷீட் போதும் என்றால் அதிலும் பாதிதான். ஆனால் பழைய பெட்ஷீட் ஏற்கெனவே சுருங்கி முடித்தது, புதுப் பருத்தி இனிமேல்தான் சுருங்கப் போவது. முன்துணியை நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்த பிறகு வெட்டவில்லை என்றால், முதல் அலசலில் கொடி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

நிறையத் தடவை பயன்படுத்தப் போகிறவர்களுக்கு இரட்டைத் துணிதான். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

எழுத்தைப் பதிப்பது

எந்த முறையானாலும் ஒரு பொது விதி உண்டு: எழுத்தைப் பதித்து முடித்த பிறகுதான் முன்துணியையும் பின்துணியையும் சேர்க்க வேண்டும். கொடி தயாரான பிறகு எழுத்தைத் தைத்தால் அந்தத் தையல் முதுகில் தெரியும், சேர்த்த மடிப்புகளும் ஊசிக்கு இடையூறு.

எழுத்தை மனம்போல வரைவதைவிட, கணினியில் நல்ல பட்டையான எழுத்துருவைத் தேர்ந்து வேண்டிய அளவில் அச்சடித்து, அதை அச்சுத்தாளாக வைத்துக்கொள்வது மேல். கோட்டின் தடிமன் குறைந்தது ஒன்றரை செ.மீ. இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் வெட்டும்போதே வளைவுகள் துவண்டு இழுபடும், தூரத்தில் இருந்து படிக்கவும் முடியாது.

சாயம் பூசுவது வேகமான வழி. அட்டையில் எழுத்தை வெட்டி எடுத்து, ஓட்டையின் மேல் துணிச் சாயத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பிரஷ்ஷால் தேய்த்தால் அட்டைக்கு அடியில் சாயம் கசியும். காய்ந்ததும், சாய டப்பாவில் சொல்லியிருக்கும்படி பின்பக்கமாக அயர்ன் செய்து சூடேற்றினால் அலசலுக்குத் தாங்கும். வளைந்து நெளியும் தமிழ் எழுத்துக்கு இது ரொம்பத் தோதான முறை, தைக்கும் சிரமமே இல்லை. குறை என்னவென்றால், அடர்ந்த நிறத் துணியில் வெளிர்ச் சாயம் பூச இரண்டு மூன்று பூச்சு வேண்டும், தடிமனாகப் போட்டால் மடிப்பில் வெடிக்கும். அட்டையில் வெட்டும்போது எழுத்தின் நடுவில் இருக்கும் ஓட்டைப் பகுதி தனியே கழன்று விழாமல் இருக்கச் சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும்.

சூட்டில் ஒட்டும் வினைல் ஒட்டிய அன்றைக்குக் கடையில் வாங்கியதுபோலத் தெரியும். ஆனால் அதன் மேல் நேரடியாக அயர்ன் பெட்டியை வைக்க முடியாது, சுடுதண்ணீர் ஆகாது, மெல்லிய வளைவுகளின் முனையில்தான் முதலில் கிளம்பத் தொடங்கும். வெட்டும் எந்திரம் இருப்பவர்களுக்கு மட்டும் யோசிக்கத் தகுந்தது.

கை எம்பிராய்டரி அழகு, ஆனால் பன்னிரண்டு பெரிய எழுத்து. சங்கிலித் தையலில் வெளிக்கோடு மட்டும் போட்டால் கிட்டே நின்று பார்க்க நன்றாயிருக்கும், அறையின் மறுகோடியில் இருந்து பார்த்தால் கம்பி வளைத்த மாதிரி மெலிந்து தெரியும். குட்டிப் பெயர்த் தோரணத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சியது அப்ளிக், அதாவது வேறு துணியில் எழுத்தை வெட்டி மேலே வைத்துத் தைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். சூடு பட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் ஃபியூசிங் தாள் என்று ஒன்று கிடைக்கும். அதன் காகிதப் பக்கத்தில் எழுத்தை வரைந்து, எழுத்துத் துணியின் பின்பக்கத்தில் வைத்து அயர்ன் செய்து, கோட்டின் மேல் வெட்டி, காகிதத்தை உரித்து, கொடியின் மேல் வைத்து மறுபடி அயர்ன் செய்தால் எழுத்து அசையாமல் உட்காரும். பின்பக்கத்தில் வரைவதால் எழுத்தை இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். ஆங்கிலத்தில் அந்த எட்டு எழுத்துக்கும் இந்தக் கவலை கிடையாது. தமிழில் பன்னிரண்டுக்கும் உண்டு. அச்சடித்த தாளைப் புரட்டி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் தெரிகிற கோட்டின் மேலேயே வரைந்துவிடுவது சுலபமான வழி.

ஃபியூசிங் மட்டும் போதும், தைக்க வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அலசாத தோரணத்துக்கு அது சரி. தண்ணீர் பட்டு, கையில் கசங்கி, மறுபடி அயர்ன் ஆகும் பொருளில் ஓரம் கிளம்பும், கட்டாயம் தைக்க வேண்டும். எந்தத் தையல் என்பதில் மூன்று தேர்வு. நெருக்கமான ஜிக்ஜாக், 3 மி.மீ. அகலமும் 0.4 மி.மீ. நீளமும் வைத்தால், ஓரத்தை முழுக்க மூடிக் கயிறு வைத்ததுபோல நிற்கும். பார்க்க நேர்த்தி, ஆனால் நூல் நிறைய விழுங்கும், சின்னப் பிசகும் பளிச்சென்று தெரியும், அடியில் காகிதமோ ஒட்டுக் கேன்வாஸோ (சட்டைக் காலருக்குள் விறைப்புக்கு வைப்பது) வைக்காவிட்டால் துணி சுருங்கும். அகலம் இரண்டரை, நீளம் ஒன்றரை வைத்த தளர்வான ஜிக்ஜாக் மன்னிக்கும் குணமுள்ளது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது, ஓரத்துக்கு 2 மி.மீ. உள்ளே ஒரு நேர்த்தையல். விளிம்பு நாளடைவில் லேசாகப் பூத்தாற்போல நூல் காட்டும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். நடு வழியான தளர்வான ஜிக்ஜாக்கையே நான் சொல்வேன்.

வளைவில் திரும்புவதுதான் தமிழ் எழுத்தின் பரீட்சை. ழவையும் ளவையும் ஒரே வேகத்தில் ஓட்ட முடியாது. மூன்று நான்கு தையலுக்கு ஒரு முறை ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் எந்திரக் காலைத் தூக்கி, துணியைத் துளி திருப்பி, காலை இறக்கி மறுபடி ஓட்ட வேண்டும். நிறுத்தும் இடம் முக்கியம். வெளிவளைவில் திரும்பும்போது ஊசி எழுத்துக்கு வெளியே, கொடித் துணியில் நிற்க வேண்டும். உள்வளைவில் எழுத்தின் மேல் நிற்க வேண்டும். மாறினால் தையலுக்கு நடுவே முக்கோண இடைவெளி விழும். வளைவுக்கு மட்டுமாவது மிதியை விட்டுவிட்டு, பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நிதானமாகத் தைப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

புள்ளிக்கு ஒரு குறுக்குவழி: எழுத்தின் நிறத்தில் தட்டையான பெரிய பட்டன். ஐந்து புள்ளிக்கு ஐந்து பட்டன், வெட்டவும் வேண்டாம் சுற்றித் தைக்கவும் வேண்டாம். ஆனால் வீட்டில் எதையும் வாயில் போடும் வயதில் குழந்தை இருந்தால் பட்டன் கூடாது, ஃபெல்ட் என்ற நெய்யாத தடித்த துணியில் வட்டம் வெட்டிக் குறுக்குத் தையலால் இறுக்கி வையுங்கள்.

எதில் கோப்பது

கொடிகளை நாடாவுக்குள் செருகி நிரந்தரமாகத் தைத்துவிடுவதா, கழற்றி மாற்றும்படி விடுவதா? இதற்கு விடை முதல் கேள்வியிலேயே இருக்கிறது. வாசகம் மாறாது என்றால் தைத்துவிடுங்கள். கொடிகள் வரிசை குலையாது, சாயாது, மாட்டுவதற்கு ஒரு நிமிடம்.

நாடாவுக்கு 5 செ.மீ. அகலப் பட்டை வெட்டி, நான்காக மடித்தால் ஒன்றேகால் செ.மீ. நாடா கிடைக்கும். இங்கே பெரும்பாலோர் பழக்கத்தில் கிராஸ் பட்டி, அதாவது இழைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டிய பட்டை, வெட்டுகிறார்கள், அல்லது கடையில் கிராஸ் நாடா வாங்குகிறார்கள். கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் தேவை, ஏனென்றால் அது வளைவுக்கு இழுத்துக்கொடுக்கும். தோரணத்தில் வளைவே கிடையாது. இழுத்துக்கொடுக்கும் குணம் இங்கே கெடுதல்: கொடிகளின் கனத்தில் நாடா நீண்டு நடுவில் தொய்ந்துவிடும். நேர் இழையில், அதாவது துணியின் கரைக்கு இணையாக வெட்டிய பட்டைதான் சரி. துணியும் அதில் வீணாகாது. அவசரத்துக்குக் கெட்டியான பருத்தி நாடா வாங்கிப் பாதியாக மடித்தும் தைக்கலாம்.

தைக்கும்போது நாடாவின் நடுவைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து இரு பக்கமும் கொடிகளை வைத்துக்கொண்டு போங்கள். ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனையில் கட்டுவதற்கு நாடா கம்மியாகத்தான் மிஞ்சும். குண்டூசியைவிட கிளிப் நல்லது, அந்த இடத்தில் ஆறேழு அடுக்குத் துணி சேர்வதால் குண்டூசி வளையும். ஊசியும் 14ஆம் நம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கொடிகளைத் தைத்த 12ஆம் நம்பர் இங்கே திணறும்.

கழற்றி மாற்ற வேண்டும் என்றால் கொடியின் மேல் விளிம்பை மடித்துக் குழாய் போலத் தைத்து அதில் கயிறு நுழைப்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடிகள் வழுக்கி, எல்லாம் நடுவில் போய்க் கும்பலாக நிற்கும், ‘பிறந்தநாள்’ நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஏணியில் நின்று இடைவெளி சரிசெய்வது பெரும் தொல்லை. அதைவிட, ஒவ்வொரு கொடியின் மேல் மூலைகளிலும் ஒரு காஜா எடுத்து, நாடாவை முன்பக்கமாக நுழைத்துப் பின்பக்கமாக விட்டால், உராய்வில் கொடி வைத்த இடத்தில் நிற்கும், வேண்டும்போது உருவிவிடலாம். எந்திரத்தில் காஜா போடும் வசதி இல்லாதவர்கள் மர கிளிப் வைத்துக் கயிற்றில் மாட்டலாம். கிளிப் கனம், அதனால் கயிறு நல்ல கெட்டியாக இருக்க வேண்டும். பெயரை மாற்றி மாற்றிப் போட நினைப்பவர்களுக்கும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இன்னொரு தேர்வை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை: ஒரே நீளத் தோரணமா, இரண்டு குட்டைத் தோரணமா. 12 கொடிக்கு 180 செ.மீ., கொடிகளுக்கு நடுவே 3 செ.மீ. வீதம் 30, இரு சொல்லுக்கும் இடையே 15, கட்டுவதற்கு இரு பக்கமும் 50. கூட்டினால் மூன்றேகால் மீட்டர். அதை மாட்ட நீளமான வெற்றுச் சுவர் வேண்டும், நடுவில் தொய்வும் அதிகம். சொல்லுக்கு ஒன்றாக இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கட்டுநாடாவோடு சேர்த்து 205 செ.மீ. ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டலாம், பெரிய இடம் கிடைத்தால் அருகருகே கட்டலாம். தைக்கும்போது மேஜையிலிருந்து தரைக்கு வழியும் நீளமும் குறையும். நான் தைத்துக்கொடுப்பதாக இருந்தால் கேட்காமலே இரண்டாகத்தான் தைப்பேன்.

கடைசியாகத் துணி

இவ்வளவு முடிவான பிறகு துணி தேர்வது சுலபம். நெருக்கமாக நெய்த நடுத்தரப் பருத்தி, பாப்ளின் மாதிரி, எல்லாவற்றுக்கும் பொருந்தும்: அயர்ன் தாங்கும், ஃபியூசிங் பிடிக்கும், மடித்த இடத்தில் நிற்கும். துவண்டால் காலருக்குள் வைக்கும் ஒட்டுக் கேன்வாஸில் மெல்லியதை முன்துணிக்குப் பின்னால் ஒட்டலாம். சாட்டின் பளபளப்பாக இருக்கும், ஆனால் வழுக்கும், ஊசித் துளை தெரியும், அயர்ன் கொஞ்சம் கூடினாலும் போச்சு. சணல் துணி படத்தில் அழகு. நிஜத்தில் தூசு உதிர்க்கும், ஈரம் பட்டால் வலு குறையும், அதன் ஓட்டை ஓட்டையான நெசவில் அப்ளிக் சரியாக உட்காராது. சாயம் பூசுவதற்கு வேண்டுமானால் பரவாயில்லை. செயற்கை ஃபெல்ட் நெய்யாத துணி என்பதால் பிசிறு கிளம்பாது, ஓரம் மடிக்க வேண்டாம். சூடான அயர்ன் பட்டால் உருகும், புழங்கப் புழங்க உருண்டை உருண்டையாகப் பஞ்சு கிளம்பும்.

பூப்போட்ட துணி கொடிக்கு என்றால் எழுத்து வெற்று நிறம், எழுத்து பூப்போட்டது என்றால் கொடி வெற்று நிறம். இரண்டும் பூ என்றால் படிக்கவே முடியாது. நிறங்கள் எடுப்பாக இருக்கின்றனவா என்று சந்தேகம் வந்தால் இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்து மொபைலில் கறுப்புவெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், சிவப்பும் பச்சையுமாக இருந்தாலும் எழுத்து தூரத்தில் காணாமல் போகும். அடர் சிவப்பு, கருநீலம் போன்றவற்றை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வைத்துக்கொள்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக, புத்தகத்தின் பக்கங்கள் போல அடுக்கினால் எழுத்தின் மேல் மடிப்பு விழாது. மிஞ்சும் நாடாவை அந்த அடுக்கைச் சுற்றிக் கட்டி, பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பருத்திப் பையில் வையுங்கள். அலசினால் பச்சைத் தண்ணீர், முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் காயட்டும். மாட்டும்போது மெழுகுவர்த்திக்கு எட்டாத உயரம் வேண்டும். தொட்டிலுக்கும் சின்னக் குழந்தையின் கைக்கும் எட்டும் இடத்தில் நீள நாடா தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தையல் எந்திரமே இல்லாதவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு ஃபெல்ட்தான் நல்ல வழி, அதன் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒற்றை ஃபெல்ட் கொடி, அதன் மேல் வேறு நிற ஃபெல்ட் எழுத்து, ஓரத்துக்கு 3 மி.மீ. உள்ளே ஓட்டுத் தையல். ஃபியூசிங் தாளும் வேண்டாம், எழுத்தை இடவலம் மாற்றி வரையும் வேலையும் வேண்டாம். வெட்டிய எழுத்தைத் துளி துணிப் பசையால் நிறுத்திக்கொண்டு தைத்தால் போதும். எழுத்தின் நிறத்திலேயே நூல் எடுத்தால் தையல் கோணினாலும் தெரியாது, எதிர் நிறத்தில் எடுத்தால் அதுவே ஒரு அலங்காரம். நாடாவுக்குக் கொடியை மட்டும் பின்தையலால் இறுக்கமாகப் போட வேண்டும், மொத்தக் கனமும் அங்கேதான் தொங்குகிறது. எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். எழுத்துக்கு மூன்று இழை, நாடாவுக்கு ஆறும்.